டீச்சர், அம்மா கொடுத்துவிட்டாங்க



2025 செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை. கொச்சியில் அன்று மூன்று விசேஷங்கள் ஒன்றாக வந்தன. திருவோணம் அன்றுதான். நபிகள் நாயகத்தின் பிறந்த நாளும் அன்றுதான். நாடு முழுவதும் கொண்டாடும் ஆசிரியர் தினமும் அதே நாள். மட்டாஞ்சேரியில் ஒரு தெருவில் சத்யை விருந்துக்கு வாழையிலை விரித்த நேரத்தில் அடுத்த தெருவில் நெய்ச்சோற்று அண்டா இறங்கியது. பள்ளிக்கூடங்கள் மட்டும் ஓண விடுமுறையில் பூட்டியிருந்தன. ஆசிரியர் தினத்தில் வாழ்த்துச் சொல்ல ஆசிரியர் எதிரில் இல்லை.

விடுமுறையில் வந்த ஆசிரியர் தினத்துக்கு வாங்கிய வாழ்த்து அட்டை தேதி தவறிப் போகும், ரோஜாப்பூ வாடிப் போகும். பலகாரத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஓணம் கழிந்து பள்ளி திறந்தால் நேந்திரங்காய் வறுவலும் சர்க்கரை உப்பேரியும் பொட்டலம் பொட்டலமாக ஆசிரியர் அறைக்கு வந்து சேரும். மலையாளப் பிள்ளைகள் "மாஷே", "டீச்சரே" என்று கூப்பிட்டு நீட்டுவார்கள். தமிழ் வீட்டுப் பிள்ளை என்றால், "டீச்சர், அம்மா கொடுத்துவிட்டாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி, டப்பாவை மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடிவிடும்.

இன்றைய பேச்சு அந்த டப்பாவைப் பற்றியது. மாணவர் தன் வீட்டில் சமைத்ததை ஆசிரியருக்குக் கொடுக்கிறார். ஆசிரியர் அதை வாங்கி எல்லோர் முன்னாலும் வாயில் போட்டுக்கொள்கிறார். இன்று யாரும் திரும்பிப் பார்க்காத காரியம் இது. கொச்சிக் காயலின் கரைகளில் இது சும்மா கிடைத்துவிடவில்லை. கொடுக்கும் உரிமைக்கு ஒரு போராட்டம், வாங்கிச் சாப்பிடும் துணிச்சலுக்கு இன்னொரு போராட்டம் என இரண்டும் நடந்த பிறகுதான் அந்த எவர்சில்வர் டப்பா ஆசிரியர் மேசைக்கு வந்தது.

முதலில் கும்பளங்கியின் அடுப்படிக்குப் போவோம். கொச்சி நகரின் விளிம்பில் காயல் சூழ்ந்த தீவுக் கிராமம் அது. 2003-இல் மாதிரிச் சுற்றுலாக் கிராமமாகத் தேர்வானது. 2019-இல் 'கும்பளங்கி நைட்ஸ்' திரைப்படம் வந்தபின் தமிழ்நாட்டிலும் ஊர்ப்பெயர் பரவியது. படத்தில் பார்த்தவர்களுக்குச் சீனவலைகளும் இரவுக் காயலும் நினைவிருக்கும். ஊரின் சாப்பாட்டை முடிவு செய்வது இன்னொன்று: பொக்காளி வயல்.

கடல் ஏறி இறங்கும் உப்புத் தண்ணீரைத் தாங்கி வளரும் நெல் பொக்காளி. ஜூன் மாதத்து மழை மண்ணின் உப்பைக் கழுவிய பிறகு, வயலில் கூம்பு கூம்பாக மேடு கட்டி முளைவிதையைத் தெளிப்பார்கள். நாற்று எழும்பியதும் மேட்டை வெட்டி, மண்ணோடு நாற்றையும் சுற்றிலும் பரப்புவார்கள். உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. பயிர் ஆள் உயரத்துக்கு வளரும். அக்டோபர் கடைசியில் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கதிரை மட்டும் அறுத்தெடுப்பார்கள். தாள் தண்ணீரிலேயே மக்கும். நவம்பரில் மடையைத் திறந்துவிட்டால் காயல் தண்ணீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வந்து அந்த மக்கலைத் தின்று வளரும். ஏப்ரல் வரை இறால் பருவம். ஒரே நிலம் அரை வருடம் சோறு போடுகிறது, அரை வருடம் குழம்புக்குக் கொடுக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற இந்த நெல்லின் பரப்பு எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் ஆண்டுக்காண்டு சுருங்கி வருகிறது. கும்பளங்கிப் பிள்ளை ஒன்று பொக்காளி அரிசிப் புட்டை டீச்சருக்குக் கொண்டுவந்தால், அந்த டப்பாவுக்குள் அந்த வீட்டின் ஆறு மாத உழைப்பு இருக்கிறது.

பள்ளிக்குக் கொண்டுபோக இந்தப் பக்கத்தில் எல்லா வீடுகளுக்கும் பொதுவான பலகாரம் இலையடை. அரிசி மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, வாழையிலைத் துண்டின்மேல் ஈரவிரலால் மெல்லியதாகப் பரத்த வேண்டும். விரலில் ஈரம் குறைந்தால் மாவு விரலோடு வந்துவிடும். கூடினால் அடை கூழாகிவிடும். நடுவில் தேங்காய்த்துருவல், வெல்லம், கொஞ்சம் ஏலக்காய். சில வீடுகளில் நேந்திரம்பழத்தைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பார்கள். இலையோடு மடித்து ஆவியில் வைத்தால் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். பிறகு இலையை உரித்தால் அடையின் முதுகில் இலையின் நரம்புகள் வரிவரியாகப் பதிந்திருக்கும். காலை ஏழு மணிக்கு இறக்கியது பதினொரு மணி இடைவேளையில் ஆறியிருக்கும், ருசி குறைந்திருக்காது. தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் இலையைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டுவிடலாம்.

இதே மாவு, இதே பூரணம் உருண்டையானால் கொழுக்கட்டை. தமிழ் வீட்டில் அது பிள்ளையார் சதுர்த்திக்கு. கேரளத்துக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் அதே கொழுக்கட்டை குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை வேகும். ஆகவே இங்கே ஓர் ஆசிரியருக்கு ஆண்டில் இரண்டு முறை கொழுக்கட்டை வரலாம்: ஒன்று பிள்ளையார் பெயரில், ஒன்று இயேசு பெயரில். இரண்டையும் செய்த கைகள் ஒன்றையொன்று பார்த்திருக்காது.

ஆசிரியருக்கு மாணவர் வீட்டிலிருந்து உணவுப்பொருள் போவது பழைய வழக்கம்தானே என்று கேட்கலாம். பழையதுதான். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வாத்தியாருக்குச் சம்பளம் என்று மாதாமாதம் காசு வந்தது குறைவு. அமாவாசை, பௌர்ணமி வாவு நாட்களில் பிள்ளைகள் அரிசி கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அறுவடையில் நெல், தோட்டத்திலிருந்து காய், விசேஷ நாளில் எண்ணெய், தேங்காய். கேரளத்தில் மணலில் எழுதக் கற்றுக்கொடுத்த ஆசானுக்கும் இப்படியே. விஜயதசமியன்று அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கும் வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அரிசி, நெல், காய், எண்ணெய், தேங்காய். ஒன்றுகூடச் சமைத்ததல்ல. பச்சையாகக் கொடுக்கும் பொருளில் சாதி ஒட்டாது என்றும், அடுப்பில் ஏற்றி இறக்கியதும் ஒட்டிக்கொள்ளும் என்றும் நினைத்த சமூகம் இது. மாணவர் வீட்டு அரிசி ஆசிரியர் வீட்டுக்குள் போகும். மாணவர் வீட்டுச் சோறு வாசலைத் தாண்டாது. போனதும் பெரும்பாலும் நன்றியாகப் போகவில்லை, கூலியாகப் போனது.

நன்றியாகப் போனதற்கும் சான்று இருக்கிறது. தமிழில் அதற்கு உ.வே.சாமிநாதையரை விட்டால் வேறு யாரிடம் போவது? 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது அவருக்குப் பதினாறு வயது. இரவும் பகலும் ஆசிரியரை விட்டுப் பிரியாத மாணவர். ஆனால் சாப்பாடு வேறிடத்தில். பிள்ளை சைவ வேளாளர், மாணவர் அந்தணர். காலத்தின் கட்டு அது. அந்த ஆசிரியரின் வறுமையை மாணவர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். ஒரு நாள் காலை பிள்ளை எண்ணெய் தேய்த்துக்கொள்வதற்காகப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். எண்ணெய் வரவில்லை. வீட்டில் எண்ணெய் இல்லை என்பது மாணவருக்குப் புரிகிறது. வெளியே போய்த் தன் கையிலிருந்த காசுக்கு எண்ணெய் வாங்கிவந்து சமையற்காரரிடம் கொடுத்துவிடுகிறார். ஆசிரியர் கையில் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் மனம் கூசும். 1940-களின் தொடக்கத்தில், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, ஆனந்த விகடனில் அந்தக் காலையை எழுதும்போதும் அந்த வலி அவருக்கு ஆறவில்லை என்று தெரிகிறது.

அதே மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி இன்னொரு செய்தி. கிழிந்த துணியில் அவல் முடிந்துகொண்டு துவாரகைக்குப் போன குசேலன் கதை எல்லோருக்கும் தெரியும். கொச்சிக்கு வடக்கே குருவாயூரில் மார்கழி மாதத்து முதல் புதன்கிழமை குசேல தினம். பக்தர்கள் அவல் கொண்டுவந்து படைப்பார்கள். தமிழில் அந்தக் கதையைப் பாடும் 'குசேலோபாக்கியானம்' வல்லூர் தேவராச பிள்ளை பெயரில் அச்சாயிற்று. தேவராச பிள்ளை மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். நூலைப் பாடிக்கொடுத்தவர் ஆசிரியர்தான் என்பதை உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார். ஒரு பிடி அவலின் கதையை ஆசிரியர் எழுதி, பெயரை மாணவருக்குக் கொடுத்துவிட்டார். இதற்கு ஈடாக எந்த மாணவர் எந்தப் பலகாரத்தைச் செய்துகொடுக்க முடியும்?

இனிக் கொச்சிக்குத் திரும்புவோம். திரும்பும் இடம் கசப்பானது.

1913-இல் எர்ணாகுளம் காயலில் ஒரு கூட்டம் நடந்தது. புலையர் சமூகத்தினர் தங்களுக்கென்று ஒரு சபை அமைக்க விரும்பினார்கள். நிலத்தில் கூட அவர்களுக்கு இடம் தருவார் இல்லை. வள்ளங்களைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று கட்டி, தண்ணீரின்மேல் கூடினார்கள். காயல் சம்மேளனம் என்று வரலாறு அதைக் குறிக்கிறது. கரையில் நிற்கத் தடை இருந்தது. தண்ணீருக்குத் தடைபோட யாராலும் முடியவில்லை. அந்த முயற்சிக்குத் துணைநின்றவர் பண்டிட் கே.பி. கருப்பன். சேரானல்லூரில் தீவர சமூகத்தில் 1885-இல் பிறந்தவர்; 'ஜாதிக்கும்மி' எழுதிய கவிஞர். வேலையோ, பள்ளி ஆசிரியர் வேலை.

காயல் கூட்டத்துக்கு முந்தின ஆண்டு, 1912-இல், கொச்சிக் காயலின் முளவுகாடு தீவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாட்சாயணி வேலாயுதன். காயல் கூட்டத்தில் முன்னின்ற குடும்பம் அவருடையது. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் வேதியியல் படித்து 1935-இல் பட்டம் பெற்றார். பட்டியல் சாதிப் பெண்களில் இந்தியாவின் முதல் பட்டதாரி. ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைச் செய்துகாட்டவில்லை. மற்றவர்களுக்குக் காட்டுவதைத் தள்ளி நின்று பார்த்துப் பார்த்தே அவர் கற்றார். பின்னர் அரசுப் பள்ளிகளில் ஆசிரியரானார். அங்கிருந்து இந்திய அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். அந்தச் சபையில் இடம்பெற்ற ஒரே தலித் பெண் அவர்.

ஒரு கண்ணாடிக் குழாயை அந்த மாணவியோடு சேர்ந்து தொடத் தயங்கிய ஆசிரியருக்கு, அவர் வீட்டு இலையடையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க முடியுமா? கொடுக்க ஆசைப்பட்டிருந்தாலும் எங்கே வைப்பது? தாட்சாயணியின் கல்லூரி நாட்கள் தொண்ணூறு வருடத்துக்கு முந்தியவை. கும்பளங்கியிலிருந்து முளவுகாடு ஒரே காயலின் தூரம்.

கொடுக்கும் பக்கம் இப்படி என்றால் சாப்பிடும் பக்கத்தின் கதை வைப்பின் தீவில் நடந்தது. 1917 மே 29. செறாயில் சகோதரன் அய்யப்பன் என்ற இளைஞர் மிசிரபோஜனம் என்ற பெயரில் ஒரு விருந்து வைத்தார். ஈழவர்களும் புலையர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விருந்து என்று சொன்னாலும் சோறும், கடலையும் பலாக்கொட்டையும் சேர்த்து வதக்கிய கறியும்தான். மே மாதம் பலாப்பழக் காலம். பலாக்கொட்டை எந்த வீட்டிலும் கிடக்கும். ஊர் பொறுக்கவில்லை. கலந்துகொண்ட குடும்பங்கள் சொந்தச் சமூகத்திலேயே விலக்கி வைக்கப்பட்டன. அய்யப்பனைப் 'புலையன் அய்யப்பன்' என்று கூப்பிட்டார்கள்; அந்தப் பெயரை அவர் பெருமையாக ஏற்றுக்கொண்டார்.

அய்யப்பன் யாருடைய மாணவர்? நாராயண குருவின் வழியில் வந்தவர், அவரால் ஊக்கம் பெற்றவர். ஊரே எதிர்த்தபோது குரு கைவிடவில்லை. மதமும் உடையும் மொழியும் எதுவானாலும் மனிதர்கள் ஒரே இனம், அதனால் ஒன்றாக உண்பதிலும் மணம் செய்துகொள்வதிலும் குற்றம் இல்லை என்ற பொருளில் தன் கைப்பட எழுதிக்கொடுத்தார். மாணவர் வைத்த விருந்துக்கு ஆசிரியர் கொடுத்த கையெழுத்து அது. இந்தப் பேச்சின் பொருளுக்குக் கேரள வரலாற்றில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை.

தமிழ்நாடு அடுத்த சில ஆண்டுகளில் வேறொரு பந்தியில் தலைகுனிந்து நின்றதையும் சொல்லவேண்டும். வ.வே.சு. ஐயர் 1922-இல் சேரன்மாதேவியில் தொடங்கிய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். 1924, 1925-இல் அது பெரிய கொந்தளிப்பாயிற்று. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். தேசத்துக்காக எல்லாம் துறந்த மனிதர் நடத்திய பள்ளி அது. அங்கேயும் சறுக்கிய இடம் சோற்றுப் பந்திதான்.

இத்தனையையும் தாண்டித்தான் மட்டாஞ்சேரியின் இன்றைய வகுப்பறைக்கு வருகிறோம். இந்தியாவில் இப்படி ஒரு வட்டாரம் அபூர்வம். சில கிலோமீட்டருக்குள் கொங்கணிகளின் திருமலை தேவஸ்வம் பள்ளி, குஜராத்தி வித்யாலயா, கச்சி மேமன் குடும்பத்தார் பெயரைத் தாங்கிய ஹாஜி ஈஸா ஹாஜி மூஸா பள்ளி. பக்கத்து ஃபோர்ட் கொச்சியில், டச்சுக்காரர்கள் காலத்தில் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் சமூகத்தார் 'வெளி' என்ற பகுதியில் இன்றும் தோபிகானாவில் வேலை செய்கிறார்கள். தமிழுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவோ அச்சுக்கூடத்தின் வயது கொண்டது. 'கிரிசித்தியானி வணக்கம்' 1579-இல் கொச்சியில் அச்சான தமிழ் நூல். அண்டிரிக் அடிகளார் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து கொண்டுவந்த அந்த மறைநூல், குரு கேட்கச் சீடன் பதில் சொல்லும் முறையில் அமைந்தது. ஆசிரியரும் மாணவரும் தமிழில் அச்சேறி உட்கார்ந்து பேச ஆரம்பித்த ஊர்களில் கொச்சியும் ஒன்று.

இந்த ஊர் வகுப்பில் தீபாவளிக்கு மறுநாள் வரும் டப்பாக்களைப் பார்த்தால் யார் வீடு என்று சொல்லிவிடலாம். மலையாள வீடுகளில் தீபாவளி அவ்வளவு பெரிய பண்டிகை இல்லை. அதிரசமும் முறுக்கும் தமிழ் வீட்டிலிருந்து, பேடா குஜராத்தி வீட்டிலிருந்து, லட்டு கொங்கணி வீட்டிலிருந்து வரும். டிசம்பரில் அச்சப்பமும் குழலப்பமும். ஃபோர்ட் கொச்சிப் பக்கத்துப் பிள்ளையானால் டச்சுக்காரர்கள் விட்டுப்போன ப்ரூடர் ரொட்டியில் ஒரு துண்டு. நோன்புப் பெருநாள் கழிந்தால் சமோசாவும் பத்திரியும். ஆசிரியர் அறையில் யார் சைவம், யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் வெள்ளிக்கிழமை விரதம் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அத்துபடியாக இருக்கும். கும்பளங்கிப் பிள்ளை தன் வீட்டுச் செம்மீன் வறுவலைச் சைவ டீச்சருக்குக் கொண்டுவராது. அவருக்கென்று அம்மாவிடம் அவலும் வெல்லமும் கேட்டு வாங்கிவரும். சட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்க முடியாத நாகரிகம் இது.

டப்பா திரும்பிப் போகும்போது வெறுமனே போகக்கூடாது என்பது தமிழ் வீடுகளின் வழக்கம். நாலு கல்கண்டு, ஒரு வாழைப்பழம், ஒரு பென்சில், ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். இந்த வழக்கம் தெரிந்த ஆசிரியர்கள் டப்பாவைக் கழுவித் துடைத்து, மறக்காமல் எதையாவது போட்டே கொடுப்பார்கள்.

இதுவரை மாணவர் கொடுப்பதைப் பேசினோம். ஆசிரியர் போட்ட சோற்றைப் பேசாவிட்டால் கணக்குத் தவறும்.

கேரளத்தில் மதிய உணவுத் திட்டம் 1984-இல் மீனவக் கிராமங்களின் தொடக்கப் பள்ளிகளில்தான் ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் காமராஜர் 1950-களில் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய திட்டம் பக்கத்தில் வழிகாட்டியாக இருந்தது. அந்த உணவைச் சட்ட உரிமையாக்கியது 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு வேளை இலவச உணவு கிடைப்பது அந்தச் சட்டப்படி அவர்கள் உரிமை. மக்களவையில் அந்த மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சர் கே.வி. தாமஸ். பிறந்த ஊர் கும்பளங்கி. தேவரா சேக்ரட் ஹார்ட் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். தன் ஊரைப் பற்றி மலையாளத்தில் புத்தகம் எழுதியவர். கும்பளங்கியின் ஆசிரியர் ஒருவர் இந்தியப் பிள்ளைகளின் மதியச் சோற்றுக்குச் சட்டம் கொண்டுவந்தார் என்பதை இந்த ஊர் இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

சட்டம் டெல்லியில், அடுப்பு பள்ளியில். இடையில் மாட்டிக்கொண்டவர்கள் தலைமை ஆசிரியர்கள். கேரளத்தில் பள்ளிக்கு 150 பிள்ளைகள் வரை இருந்தால் தலைக்கு 8 ரூபாய், அதற்குமேல் 7, 500-ஐத் தாண்டினால் 6 என்று 2016-இல் ஒரு கணக்கு வகுத்தார்கள். காய்கறி, பருப்பு, எரிவாயு எல்லாம் அதற்குள். விலைவாசி ஏறியது, கணக்கு பல வருடம் ஏறவில்லை. அந்தத் தொகையும் மாதக்கணக்கில் தாமதமானது. மளிகைக் கடையில் தலைமை ஆசிரியர் பெயரில் கடன் ஏறியது. 2023-இல் விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. பிள்ளைகளின் சாம்பாருக்காக ஓர் ஆசிரியர் கடைக்காரரிடம் தவணை சொல்லிக்கொண்டு நின்றதை அந்தப் பிள்ளைகள் அறியமாட்டார்கள். மாணவர் கொண்டுவரும் ஓர் இலையடை எந்தக் கடனுக்கு எதிரில் வைக்கப்படுகிறது என்று நினைத்துப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பூச்சிமருந்து கலந்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த வழிகாட்டுதல்களின்படி, பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவராவது உணவைச் சாப்பிட்டுப் பார்க்கவேண்டும். தினமும் முதல் கவளம் ஆசிரியர் வாயில். ஆபத்து இருந்தால் முதலில் தனக்கு வரட்டும் என்று அதற்குப் பொருள்.

இவ்வளவு சொன்ன பிறகு, ஆசிரியருக்கு மாணவர் எதுவுமே கொடுக்கக்கூடாது என்ற வாதத்தையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். தென் கொரியாவில் மே 15 ஆசிரியர் தினம். அங்கே ஊழலைத் தடுக்க ஒரு கடுமையான சட்டம் 2016 செப்டம்பர் 28-இல் அமலுக்கு வந்தது. வந்த முதல் நாளே காவல்துறைக்கு வந்த புகார், ஒரு மாணவர் பேராசிரியருக்கு ஒரு டின் காபி கொடுத்தார் என்பது. மதிப்பெண் போடும் கைக்கு மாணவர் கையிலிருந்து எதுவும் போகக்கூடாது என்பது அங்குள்ள கொள்கை. கேலிக்குரியதாகத் தோன்றலாம், பெற்றோர்கள் பணத்தை உறையில் வைத்து ஆசிரியருக்கு நீட்டிய பழைய நோயிலிருந்து எழுந்த மருந்து அது. இங்கும் தங்க நாணயமும் பட்டுப்புடவையும் ஆசிரியர் வீட்டுக்குப் போகிற இடங்கள் உண்டு. அதற்கு வரம்பு வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. இலையடையையும் தங்க நாணயத்தையும் ஒரே தட்டில் வைப்பதில்தான் சிக்கல். நாணயம் ஆசிரியர் பெட்டிக்குப் போகிறது. இலையடையை மூன்று பேர் பிய்த்துத் தின்று தீர்த்துவிடுவார்கள். நாலு மணி மணியடிப்பதற்குள் அத்தாட்சிகூட இருக்காது.

இந்த வாதத்தில் ஒரு பகுதியை மட்டும் தள்ள முடியாது. எல்லா வீட்டிலும் அடுப்பு ஒரே மாதிரி எரிவதில்லை. கொச்சித் துறைமுகத்தின் பக்கத்தில் வாத்துருத்தி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் பல வருடங்களாகக் குறுகிய அறைகளில் வாழும் இடம். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் அம்மாவால் டீச்சருக்கென்று தனியாக எதைச் செய்துகொடுக்க முடியும்? எர்ணாகுளம் மாவட்டத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 2017-இல் ரோஷ்ணி என்ற திட்டம் தொடங்கியது. பிள்ளையின் தாய்மொழி தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்து, பள்ளி மணியடிக்குமுன் தனி வகுப்பு. அந்த வகுப்போடு காலை உணவும் தந்தார்கள், பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்று தெரிந்ததால். அப்படி வரும் பிள்ளையின் கண்முன்னால் மற்றவர்களின் டப்பாக்கள் ஆசிரியர் மேசையில் அடுக்கப்பட்டால், கொடுக்க ஒன்றும் இல்லாத அந்தப் பிள்ளை எங்கே பார்க்கும்?

இதற்குக் கேரளப் பள்ளிகளிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. ஓணத்துக்குப் பள்ளி மூடுமுன் நடக்கும் ஓண சத்யை. ஒரு வீட்டிலிருந்து தேங்காய், ஒரு வீட்டிலிருந்து பூசணித் துண்டு, ஒரு வீட்டிலிருந்து அரைக் கட்டு அப்பளம், ஒரு வீட்டிலிருந்து வாழையிலை. எதுவும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இலை துடைக்கும் வேலை. எல்லாம் ஒரே அடுப்பில் ஏறி, ஒரே பந்தியில் ஆசிரியரும் மாணவரும் உட்காருகிறார்கள். எந்தத் தேங்காய் யார் வீட்டுத் தேங்காய் என்று அவியலில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. செறாயில் 1917-இல் ஊர்விலக்கு வாங்கித் தந்த பந்தி, இன்று பள்ளி நாட்காட்டியில் ஒரு தேதி.

அந்தப் பந்தியில் ஒருவர் பெரும்பாலும் உட்காருவதில்லை. சமைத்தவர். கேரளத்தில் 500 பிள்ளைகள் வரை ஒரே ஒரு சமையல் தொழிலாளி என்பதே விதி. நாள் கணக்கில்தான் அவருக்குப் பணம், பள்ளி இல்லாத நாளில் அதுவும் இல்லை. 2025 ஆகஸ்டில் மதிய உணவுப் பட்டியலைப் புதுப்பித்தார்கள்: எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், காய்கறி பிரியாணி, கூடவே புதினாத் துவையல், நெல்லிக்காய்த் துவையல். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அரைப்பதும் வதக்குவதும் அதே இரண்டு கைகள். ஆசிரியருக்கு டப்பா கொண்டுவரும் பிள்ளைகளுக்கு இந்தச் சேச்சியைத் தெரியாமல் இல்லை. இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டும் என்றால் அவரிடம்தான் தட்டை நீட்டுகிறார்கள்.

2026-இல் ஆசிரியர் தினம் சனிக்கிழமை வருகிறது. பள்ளிகள் அந்த வாரத்தில் வேறொரு நாளில்தான் கொண்டாடவேண்டியிருக்கும். அந்த மதியம் சமையல் தொழிலாளியை ஆசிரியர்களின் வரிசையில் உட்காரவைத்து, அவர் இலைக்கு மேல்வகுப்புப் பிள்ளைகள் பரிமாறட்டும். கும்பளங்கி, மட்டாஞ்சேரிப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் இந்த அவையில் இருந்தால் அவர்களிடம் இந்தக் கோரிக்கை. இதற்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். இன்னும் ஒரு இலை போடச் சொன்னால் போதும்.